கூடுதல் ஆள் இன்றி

எட்டாம் வார்டு சிஸ்டருக்கு இடுப்பு போய் ஆறு வருடம் ஆகிறது. எழுந்து உட்கார முடியாதவர்களை இருபத்து மூன்று வருடமாகத் தூக்கி, திருப்பி, துடைத்து, மறுபடி கிடத்திய இடுப்பு அது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஒரு தலகாணிகூடத் தூக்கக் கூடாது சிஸ்டர்" என்றார். அதே மூச்சில் பக்கத்துக் கட்டிலில் சரிந்து கிடந்தவரைக் காட்டி, "அவரைக் கொஞ்சம் மேல இழுத்து விடுங்க" என்றார். இவளும் இழுத்து விட்டாள்.

வார்டிலிருந்து தப்பிக்க ஒரே வழி மூன்றாம் மாடியில் இருந்த பயிற்சிப் பிரிவு. நாற்காலியில் உட்கார்ந்து மாணவிகளுக்கு வகுப்பெடுக்கும் வேலை. அங்கே ஓர் இடம் காலியாகியிருந்தது. அதற்கு வேண்டிய தகுதி எல்லாம் இவளுக்கு இருந்தது, ஒன்றைத் தவிர. செவிலியர் மாநாட்டில் இவள் பேரில் ஓர் ஆய்வு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் ஐம்பது வயது முடிவதற்குள். ஐம்பது முடிய இன்னும் ஐந்து மாதம்தான் இருந்தது. இந்த வருட மாநாட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை எட்டாம் வார்டுதான் கதி. அதுவரை இடுப்பு தாங்காது என்பது அவளுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், அந்த இடுப்புக்கும் தெரியும்.

ஆய்வு கைவசம் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆய்வு. எட்டாம் வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, தண்டுவட அடி என்று அசையாமல் கிடப்பவர்களே பாதிப் பேர். அசையாமல் கிடந்தால் முதுகிலும் குதிகாலிலும் புண் வரும். வந்த புண் எலும்பு தெரியும்வரை போகும். புண் வந்தவர் செத்தால் நோயால் செத்தார் என்றுதான் எழுதுவார்கள். சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். ஆறு மணிக்கு இடப்பக்கம், எட்டுக்கு மல்லாக்க, பத்துக்கு வலப்பக்கம் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அறுபது பேரில் பதினேழு பேருக்குப் புண் வந்திருந்தது. அட்டை வந்த பிறகு ஆறு மாதத்தில் அறுபது பேரில் இரண்டே பேருக்கு.

ஆனால் அட்டையா போய்ப் புரட்டும்? புரட்டியது ஓர் ஆயா. வார்டே அவளைப் புரட்டி என்றுதான் கூப்பிட்டது. ஒப்பந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆனவள். சிஸ்டரைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் சிஸ்டருக்கு மட்டும் அக்கா. ஆள் குச்சி மாதிரி இருப்பாள். ஆனால் தொண்ணூறு கிலோ ஆளை விரிப்போடு சேர்த்து இழுத்து, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, ஒரே தம்மில் பக்கவாட்டில் சாய்த்துவிடுவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் புருஷன் வீட்டில் நாலு வருடம் கிடந்து போனவர்.

காலை ஷிப்டில் ஆயாக்கள் இரண்டு பேர். ராத்திரி நோயாளியின் வீட்டார் துணைக்கு இருந்து கைகொடுப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் ஓட்டை. அந்த ஷிப்டுக்கு முப்பத்திரண்டு கட்டிலுக்கும் ஒரே ஆயா, அவளுக்கும் முட்டிவலி. திட்டம் தொடங்கிய முதல் வாரமே மதியத்து அட்டைகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. அதைப் பார்த்த புரட்டி, இரண்டு மணிக்குத் தன் டூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மறுபடி வார்டுக்குள் வந்தாள்.

"என்னக்கா, போகலையா?"

"போய் என்ன பண்றது சிஸ்டர்? சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். இதுங்களைப் புரட்டிட்டுப் போறேன்."

இப்படி ஆறு மாதம், தினமும் ஆறு மணிவரை. யாரும் இருக்கச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிடைப்பது கிடைக்கட்டும் என்று சிஸ்டரும் வாயை மூடிக்கொண்டாள்.

இனி எழுத வேண்டியதுதான் பாக்கி. முழு அறிக்கையை மருத்துவமனைக் கோப்புக்குப் பிறகு எழுதிக் கொடுத்தால் போதும், மாநாடு கேட்பது சுருக்கம் மட்டும்தான். அப்ஸ்ட்ராக்ட் என்பார்கள். இருநூற்றைம்பது சொல். இருநூற்று ஐம்பத்தொன்றாவது சொல்லைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது. சிஸ்டர் லீவு போட்டு உட்கார்ந்து எழுதியதில் ஆயிரத்து நூற்று நாற்பது சொல் வந்தது. அதில் பதினோராம் கட்டில்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பிப் படுப்பது வந்தது. நாலாம் கட்டில் அம்மாவின் முதுகுப் புண் ஆறிய அன்று வார்டே அதை எட்டிப் பார்த்தது வந்தது. புரட்டியைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம்.

அதை எடுத்துக்கொண்டு கத்தரி மேடத்திடம் போனாள். பயிற்சிப் பிரிவின் தலைவி அவர். அந்த மருத்துவமனையிலிருந்து மாநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு சுருக்கமும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும், தாண்டும்போது பாதியாகிவிடும். அதனால் அந்தப் பெயர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன் வேலை தெரிந்தவர். அதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

"உக்காருங்க சிஸ்டர். முதல் வரி என்ன போட்டிருக்கீங்க? 'செவிலியர் பணி என்பது ஓர் உன்னதமான புனிதச் சேவை.' நமக்குத் தெரியாதா? வெட்டியாச்சு. ஏழு சொல் மிச்சம்."

"அது இல்லாம எப்படி மேடம் ஆரம்பிக்கிறது?"

"புண்ணுல ஆரம்பிங்க. அங்க நானூறு அப்ஸ்ட்ராக்ட் வந்து குவியும். ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்தான். படிக்கிறவங்களுக்கு நாலே நாலு கேள்வி. என்ன பிரச்சினை? என்ன செஞ்சீங்க? என்ன கிடைச்சுது? மத்தவங்க இதை வச்சு என்ன பண்ணணும்? இந்த நாலுல எதுக்கும் பதில் சொல்லாத வரி எல்லாம் ஊளைச்சதை."

பாட்டுப் பாடுகிறவர் போனார். நாலாம் கட்டில் அம்மா போனாள். 'மிகக் கணிசமான அளவில் நல்லதொரு முன்னேற்றம்' என்ற இடத்தில் மேடம் பேனாவால் தட்டினார்.

"எவ்வளவு கணிசம்? எண் இருக்கில்ல? அறுபதுல பதினேழு, அறுபதுல ரெண்டு. அதைப் போட்டுட்டுப் பேசாம இருங்க. அந்த எண்ணே கத்தும்."

உண்மையாகவே கத்தியது. சிஸ்டருக்கே அந்த வரியைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் தான் செய்தது என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்கே விளங்கியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் பதினேழு, இரண்டு, பதினேழு, இரண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

நாலு தடவை வெட்டியும் இருநூற்றுத் தொண்ணூறு சொல்லில் வந்து நின்றது. அதற்குமேல் அசையமாட்டேன் என்றது. அவள் கணவர் கடைப் பலகைகளுக்குப் பெயர் எழுதுகிறவர். மனைவி விரல்விட்டுச் சொல் எண்ணுவதை ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர் எட்டாம் நாள் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, இதுக்கா மண்டையை உடைச்சுக்கிறே? சின்னப் பலகைல பெரிய பேரை அடக்குறவன்கிட்டக் கேட்கக் கூடாதா? அந்தக் கம்ப்யூட்டர் எதை எண்ணுது? ரெண்டு சொல்லுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைத்தானே? அதை அடைச்சிடு. எல்லாத்தையும் ஒட்டி எழுது. நம்ம பாஷைல ஒட்டினா யாரு கேட்கப் போறா?"

சிஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே உட்கார்ந்து ஒட்டினாள். 'இரண்டுமணிநேரத்துக்கொருமுறைபுரட்டிப்படுக்கவைத்தல்' ஒரே சொல். 'முழுமையாகப்படுக்கையிலிருக்கும்நோயாளிகளுக்கு' ஒரே சொல். இருநூற்று முப்பத்தாறில் கம்மென்று அடங்கிவிட்டது. கணவரும் மனைவியும் வெற்றிக் களிப்பில் டீ போட்டுக் குடித்தார்கள்.

கடைசி நாள், மாலை நாலு மணி. ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் கதவைச் சாத்திவிடும். கத்தரி மேடம் திரையைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர் இது? சொல்லா, சரக்கு ரயிலா?"

"ஒட்டி எழுதலாம்னு…"

"எழுதலாம். படிக்கிறவங்க மூச்சு விட வேண்டாமா? இதைப் பார்த்ததும் ஏமாத்துறாங்கன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

மேடமே பெட்டி பெட்டியாகக் கழற்றினார். கழற்றக் கழற்ற எண்ணிக்கை ஏறியது. இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கிள்ளிப் போட்டு, கடைசியில் இருநூற்று ஐம்பத்தேழில் வந்து நின்றது. இன்னும் ஏழு சொல் போக வேண்டும். மணி நாலரை.

மேடத்தின் பேனா ஒரு வரியின் கீழ் வந்து நின்றது. புரட்டியைப் பற்றி இருந்த அந்த முழுப் பக்கம் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுக் கடைசியில் இந்த ஒரே வரியாகியிருந்தது: 'உதவியாளர் ஒருவர் தம் பணிநேரம் முடிந்தபின்பும் தினமும் நான்கு மணி நேரம் தங்கினார்.'

"இது போகட்டும். பத்துச் சொல்."

சிஸ்டர் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். "மேடம், அந்தக்கா இல்லைன்னா இது நடந்தே இருக்காது."

"தெரியும். அதனாலதான் வெட்டச் சொல்றேன். அட்டை போட்டீங்க, நேரம் குறிச்சீங்க, அது முறை. ஒருத்தங்க வீட்டுக்குப் போகாம இருந்தாங்கன்னா அது தியாகம். தியாகத்தை வேற ஆஸ்பத்திரிக்காரன் எப்படிச் செஞ்சு பார்ப்பான்? இந்த வரி இருந்தா, இவங்க ஜெயிச்சது அட்டையால இல்ல, ஆயாவாலன்னு முதல் நிமிஷத்துல கழிச்சுக் கட்டிடுவான்."

"இதை வேணா எடுத்துடலாமே?" சிஸ்டர் 'நிர்வாகத்தின் முழு ஒத்துழைப்புடன்' என்ற இடத்தைக் காட்டினாள். நிர்வாகம் செய்த ஒத்துழைப்பு, அனுமதிக் கடிதத்தை மூன்று மாதம் இழுத்தடித்தது.

"மூணு சொல்தானே போகும்? அதுவும் இல்லாம, அந்த மூணு சொல் இல்லாத அப்ஸ்ட்ராக்டுக்கு இங்க கையெழுத்து விழாது."

அந்த வரியை மேடமே வெட்டினார். எண்ணிக்கை இருநூற்று நாற்பத்தேழுக்கு இறங்கியது. "மூணு சொல் மிச்சம் இருக்கு, வீணாக்குவானேன்?" என்று முடிவுரைக்குப் போனார். 'இம்முறையை எந்த வார்டிலும் செயல்படுத்தலாம்' என்று அங்கே இருந்தது. நடுவில் மூன்று சொல்லைச் செருகினார். 'இம்முறையைக் கூடுதல் ஆள் இன்றி எந்த வார்டிலும் செயல்படுத்தலாம்.'

"கூடுதலா ஆள் எடுத்தீங்களா சிஸ்டர்?"

"இல்ல."

"அப்ப உண்மைதானே?"

உண்மைதான். மணி நாலு ஐம்பது. 'அனுப்பு' என்ற பொத்தானை சிஸ்டர் தன் விரலாலேயே அமுக்கினாள். வார்டிலே ஒருத்தி புரட்டிக்கொண்டிருந்தாள், இவள் மூன்றாம் மாடியில் புரட்டுப் பண்ணினாள். இதை நான் சொல்லவில்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவளுக்கே தோன்றியது. தோன்றி, இரண்டு நிறுத்தம் போவதற்குள் அடங்கியும் போயிற்று. இடுப்பு வலி அப்படி.

சுருக்கம் ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டதோடு நிற்காமல் முதல் பரிசும் வாங்கிவிட்டது. பயிற்சிப் பிரிவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாகம் சுருக்கத்தைப் பெரிதாக அச்சடித்து லிப்ட் பக்கத்தில் மாட்டி வைத்தது. புரட்டி அதன் முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி, பாதிவரை படித்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"சிஸ்டர், நானும் படிச்சேன். ஒரு எழவும் புரியல. நான் எங்க இருக்கேன் அதுல?"

"யார் பேரும் அதுல வராதுக்கா. 'முறை'ன்னு ஒரு தலைப்பு இருக்கில்ல? அதுக்குள்ள நீங்கதான்."

புரட்டிக்கு வாயெல்லாம் பல். அன்று முழுக்க வாட்ச்மேனிடமும் டீக்காரரிடமும், "நான் முறைக்குள்ள இருக்கேன், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'பரிசு பெற்ற ஆய்வின்படி, பிற்பகலில் ஒரே உதவியாளரைக் கொண்டு, கூடுதல் ஆள் இன்றி, படுக்கைப் புண் தடுக்கப்பட்டுள்ளது நிரூபணமாகியிருப்பதால், எல்லா வார்டுகளிலும் காலை நேரத்து இரண்டாம் உதவியாளர் இடம் நீக்கப்படுகிறது.' ஆதாரமாகப் பின்னால் சுருக்கத்தின் நகல். எட்டு வார்டு, எட்டு ஒப்பந்த ஆயாக்கள். எட்டாவது பெயர் புரட்டி.

சிஸ்டர் போகாமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய், நின்றபடியே, எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முழு அறிக்கைல இதெல்லாம் இருக்கா?"

"இருக்கு சார். பன்னிரண்டாம் பக்கத்துல."

"அதை யாரும்மா படிப்பா? படிக்க வேணாம்னுதானே அப்ஸ்ட்ராக்ட் வச்சிருக்கு? சரி, இப்ப என்ன சொல்றீங்க, அப்ஸ்ட்ராக்ட் பொய்யா?"

"பொய்யில்ல சார். ஒரு வரி விட்டுப்போச்சு."

"விட்டுப்போன வரியால அர்த்தம் மாறுதுன்னா வாபஸ் வாங்கிக்குங்க. நான் சுற்றறிக்கையை நிறுத்தி வைக்கிறேன்." இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். "ஆனா ஒண்ணு. ஏற்கப்பட்ட ஆய்வு இல்லைன்னு ஆயிட்டா உங்க மாற்றல் உத்தரவும் நிக்காது. அடுத்த மாநாட்டுக்குள்ள உங்களுக்கு வயசு தாண்டிடும். யோசிச்சு எழுதுங்க."

படிவத்தில் 'வாபஸ் பெறும் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஐம்பது சொற்களுக்கு மிகாமல் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. வெட்டுப்பட்ட அந்த வரிக்குப் பத்துச் சொல்தான். தாராளமாக இடம் இருந்தது.

சிஸ்டர் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் அதைத் தன் மேசை இழுப்பறையில் போட்டாள். நாளைக்கு எழுதலாம் என்றுதான் போட்டாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

கடைசி வேலைநாள் மதியம் புரட்டி மூன்றாம் மாடிக்கு வந்தாள். கையில் சுற்றறிக்கையும், கோடு போட்ட வெள்ளைத்தாள் இரண்டும். பின்னால் இருந்த நகலை அவள் பார்க்கவே இல்லை, அதுதான் புரியாத காகிதம் ஆயிற்றே. சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நீங்க உக்காருங்க சிஸ்டர், இடுப்பு. ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்கதான் சுருக்கமா எழுதுறதுல பரிசு வாங்குனவங்க ஆச்சே. நீளமா இருந்தா பெரியவங்க படிக்க மாட்டாங்களாமே?"

"என்னன்னு எழுதணும்க்கா?"

"என்ன பெருசா? ஒன்பது வருஷமா இருக்கேன். வீட்ல வேற ஆள் இல்ல. அப்புறம் அந்த ஆறு மாசம் மத்தியானம் வீட்டுக்குப் போகாம இருந்து புரட்டினேனே, அதை எழுதுங்க. அது அவங்களுக்குத் தெரியாது போல. தெரிஞ்சா ஒத்தை ஆள் போதும்னு சொல்லுவாங்களா? நீங்களே சொல்லுங்க."

சிஸ்டர் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது. ஒன்பது வருடம் எழுதினாள். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்று எழுதினாள். கணவரை இழந்தவர், ஆதரவற்றவர், கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன் என்று எழுதினாள். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு இழுத்தாள்.

புரட்டி விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். கடைசிவரை போன விரல் மறுபடி மேலே ஏறியது.

"மத்தியானம் இருந்தது வரலையே சிஸ்டர்?"

வாசலில் மாணவிகள் வகுப்புக்குக் காத்திருந்தார்கள். சிஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் நாக்கு ஓடியது. அந்த நாக்கை என்ன செய்வது?

"அது வேணாம்க்கா. டூட்டி முடிஞ்சப்புறம் வார்டுக்குள்ள இருக்கிறது விதிப்படி தப்பு. அதை நாமளே எழுதிக் குடுத்தா உங்க மேலயே பிடிச்சுக்குவாங்க. வேற எங்கயும் வேலைகூடக் கிடைக்காது."

புரட்டியின் முகம் வெளிறிப்போனது. அவள் யோசிக்கவே இல்லை. பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்தாள்.

"நல்லவேளை உங்ககிட்ட வந்தேன்" என்றாள். "வேற யார்கிட்டயாவது போயிருந்தா என்னைச் சிக்க வச்சிருப்பாங்க."

சிஸ்டர் மனுவை மடித்துக் கொடுத்தாள். அந்த நிமிடம் அவளுக்கு வந்தது துக்கமில்லை, வெட்கமும் இல்லை. நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. வெட்கம் பிறகு வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

பத்து நாளில் மனு திரும்பி வந்தது. அட்டைத் திட்டம் இப்போது பயிற்சிப் பிரிவின் பொறுப்பு என்பதால் ஒரு நகல் சிஸ்டரின் மேசைக்கும் வந்தது. மூலையில் நிர்வாக அதிகாரி சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'சுற்றறிக்கையை மாற்றும் அளவுக்குப் புதிய காரணம் எதுவும் மனுவில் கூறப்படவில்லை.' சிஸ்டர் அதைப் படித்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு, கோப்பில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.